அருவியில் விசில் ஊதிய போலீஸ் அக்கா

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஓர் அம்மாவும் ஏழெட்டு வயது மகளும் இருந்தார்கள். பள்ளியில் மகளிர் தின மாறுவேடம். தனக்குப் பிடித்த பெண்மணியாக வந்து இரண்டு வரி பேச வேண்டுமாம். எங்கள் வீட்டிலும் அதே கவலை என்பதால் என் காது அங்கேயே போனது.

“ராணி வேஷம்தான் போடுதே. வாளெல்லாம் வாங்கியாச்சு.”

“ராணி வேண்டாம். அருவியில உன் முடியப் பிடிச்சு இழுத்தாங்கல்லா, அந்தப் போலீஸ் அக்கா வேஷம் போடுதேன்.”

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா குரலைத் தாழ்த்தினார்.

“ஏட்டி, அத்தன பேர் முன்னாடி என்னைய அந்தத் திட்டு திட்டுனவளயா?”

“தண்ணி கூடுதுன்னு அவங்க விசில் ஊதுனாங்க. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, நீ மட்டுந்தான் வரல. அவங்க இழுக்கலேன்னா தண்ணி உன்னைய அடிச்சிட்டுப் போயிருக்கும்.”

அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

“மேடையில என்னட்டி பேசுவே?”

“விசில் ஊதிட்டு, ‘ஏ மஞ்சச் சுடிதார், காது கேக்கலயா? வெளிய வாம்மா’ன்னு சொல்லுவேன்.”

“மஞ்சள்னு சொல்லாதட்டி. விழாவுக்கு நான் அதத்தான் போட்டுட்டு வாரேன். பச்சைன்னு சொல்லு.”