தினமும் கொடுத்த ரத்தம்

மேடையில் இருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, இதயப் பிரிவு மருத்துவர்களே, ஆய்வகத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணியாரே, வணக்கம்.

இருபத்தெட்டு ஆண்டுகள் நம் ஆய்வகத்தின் தலைமை நுட்புநராக இருந்தவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'வெள்ளணு அண்ணன்' என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். அவர் பேச ஆரம்பித்தால் நம் டீ ஆறிப்போகும். "கொழுப்பை மட்டும் திட்டாதீங்க டாக்டர். ரத்தக்குழாய்ச் சுவத்துல அது படிஞ்ச இடத்தைச் சரிபண்ணத்தான் வெள்ளணு போகுது. அங்கேயே கொழுப்பைத் தின்னு வீங்கிச் செத்து, கடைசியில சுவரையே இத்துப்போக வைக்குது" என்பார். இதய நோயாளிக்கு வெள்ளணு கூடியிருந்தால், அறிக்கையில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு அனுப்புவார். எத்தனை பேருக்குப் போட்டார்! அவருக்கு அந்த வட்டத்தை யார் போட்டோம்?

தினமும் காலையில், ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரத்தைச் சோதிக்க அண்ணன் தன் ரத்தத்தைத்தான் முதலில் வைப்பார். வெள்ளணு ஏழாயிரம் வந்தால் இயந்திரம் சரி. நான்கு மாதத்துக்கு முன் ஒன்பதாயிரம் வந்தது. பிறகு பதினோராயிரம். ஆய்வகத் தலைவன் நான் என்ன செய்தேன்? இயந்திரம்தான் கூட்டிக் காட்டுகிறது என்று, அதன் அளவை அவர் கையாலேயே குறைக்கச் சொன்னேன். மறுநாள் நுண்ணோக்கியில் தாமே எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு போல டாக்டர். எனக்குத்தான் ஏதோ..."

"முதல்ல கண்ணாடியை மாத்துங்கண்ணே."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். போன செவ்வாய்க்கிழமை, அந்த இயந்திரத்தின் முன்னாலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவே இல்லை.

அன்று அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தினமும் ரத்தம் குடுத்தாரே தம்பி, அதுல ஒண்ணும் தெரியலையா?"

அதற்கான பதிலை இன்று சொல்கிறேன். தெரிந்தது, அண்ணி. தெரிந்ததைத்தான் நான் குறைத்து வைத்தேன். வெள்ளணுவை மட்டும் வைத்து மாரடைப்பைச் சொல்லிவிட முடியாது என்று நண்பர்கள் என்னைத் தேற்றுகிறார்கள். உண்மைதான். ஆனால் ஒரு ஈசிஜி எடுத்திருக்கலாமே? இதயப் பிரிவு நமக்கு ஒரு மாடி மேலேதானே இருக்கிறது? எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம்.

அளவு குறைத்த இயந்திரம் தந்த அறிக்கைகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்துப் பரிசோதிப்போம். ஏன் என்று கேட்டால், என் தவறு என்று நானே சொல்வேன். இது அண்ணனுக்கு நான் கொடுக்கும் வாக்கு. நாளைக் காலை அந்த இயந்திரத்தில் முதல் ரத்தம் என்னுடையது. எண் ஏறினால், தோழர்களே, இயந்திரத்தைத் தொடாதீர்கள். முதலில் என்னை ஈசிஜிக்குப் படுக்க வையுங்கள்.