படிக்கிற அறையின் கதவு

வடசேரியிலிருந்து மணவாளக்குறிச்சி போகும் பஸ். முன் இருக்கையில் பிளஸ் டூ பரீட்சைக்குப் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாதுதான். ஆனால் ஜன்னலோரம் இருந்தவள் இப்படிச் சொன்னால் யாரால் சும்மா இருக்க முடியும்?

"என் பரீட்சைக்கு எங்க அம்மைதான் தியானம் பண்ணுதா, கேட்டியா."

"பரீட்சை உனக்குல்லா? அவங்க எதுக்கு?"

"பயம் போக, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கணும்னு ஸ்கூல்ல சொல்லித் தந்தாங்கல்லா? நான் கண்ணை மூடுவேன், அம்மை கதவைத் திறப்பா. 'உறங்குதியா மக்களே?'ம்பா. மறுபடி மூடுவேன், டீயோட வருவா. பொறுக்க முடியாம, நீயும் இங்க இரும்மான்னு பக்கத்துல இருத்திட்டேன்."

"இருந்தாங்களா?"

"இருந்தா. கொஞ்ச நேரத்துல அழுதுட்டா. பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சையில பயத்துல ஒண்ணும் எழுதாம, வெறும் பேப்பரைக் குடுத்துட்டு வந்தாளாம். கண்ணை மூடினா அந்த ஹால்தான் வருதாம்."

"அய்யோ! பொறவு?"

"பொறவு தெனமும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருக்கோம். இப்பம் கெமிஸ்ட்ரியே மண்டையில ஏறுதுட்டி. அம்மையும் அழுகதில்ல. நேத்து கேக்கா, 'அந்தக் கணக்குப் பரீட்சைய நான் இனி எழுதலாமா மக்களே'ன்னு."

பள்ளிக்கூட ஸ்டாப் வந்துவிட்டது. இருவரும் எழுந்தார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"தாராளமா எழுதும்மா, நீ படிக்கும்போ நான் கதவைத் திறக்க மாட்டேன்னு சொன்னேன்."