வேனுக்குப் பெரிய சார்ஜர் எடுத்த விவரம்

பெயர் யாகப்பன், த/பெ தாவீது, வயது 41, லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், மாதா கோயில் தெரு, பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர் தாலுக்கா. 29.8.1987 சனிக்கிழமை காலை நிலையத்தில் ஆய்வாளர் விசாரிக்கச் சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் மனைவி லூர்து மேரியுடன் வசித்து வருகிறேன். அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, பிழைத்து வந்தால் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் கூட்டி வருவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். பிழைத்துவிட்டாள். படுத்தபடிதான் போகலாம், புழுக்கம் ஆகாது என்று டாக்டர் சொன்னதால், ரொட்டிக் கம்பெனியார் கழித்துவிட்ட வேன் ஒன்றை வாங்கி, நானும் என் மைத்துனன் செல்வநாதனும் அதில் கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்தோம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வண்டி கிடையவே கிடையாது. ஃபேனுக்குத் தனி பேட்டரி. வண்டி ஓடும்போது அது ஏறாது, சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும்.

நேற்று மதியம் சார்ஜர் எடுக்க ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போனோம். செல்வநாதன் சிறியதைத் தூக்கி, "இதே போதும் மாமா, ராவெல்லாம் ஓடிக்கினு கெடக்கட்டும்" என்றான். நான், "இது ஏறி முடிக்கிறதுக்குள்ள கொடிய எறக்கிடுவாங்கடா, பெருசே எடு" என்று சொல்லிப் பெரியதையே வாங்கினேன்.

அதன் பிறகு சாயங்காலம் வீட்டில் மாட்டியபோது, கரண்ட் குறைவாக வந்து பல்பு மிளகாய்ப் பழம் போல எரிந்தது. சார்ஜர் முள் அசையவில்லை. எதிரே பஞ்சாயத்து டிவி அறையில் ஸ்டெபிலைசர் இருப்பதால், ஜன்னல் வழியாக ஒயரை விட்டு அதில் மாட்டினேன். யாரையும் கேட்கவில்லை. முள் சடாரென்று எழுந்தது. சந்தோஷம் தாங்காமல் நானும் தெருவிலேயே குதித்தேன்.

அதன் பிறகு டிவி பொறுப்பாளர் கோதண்டம் வந்து, என் ஒயரைக் கவனிக்காமல், வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுக்காக டிவியைப் போட்டார். ஊரே உட்கார்ந்திருந்தது. இரண்டாவது பாட்டிலேயே ஸ்டெபிலைசர் புகைந்து டிவி அணைந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே கூட்டம் என் வேனுக்கு வந்து சேர்ந்தது. கோதண்டம், "வாரம் முச்சூடும் இதுக்குத்தான்யா காத்துக்கினு கீறோம்!" என்று கத்தி, டயர் காற்றைப் பிடுங்கக் குனிந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போது வேனுக்குள் படுத்திருந்த லூர்து மேரி தலையை நீட்டி, "இன்னாத்துக்குக் கத்திக்கினு கீறீங்க? என் தம்பி வூட்லயும் இதே டிவிதான், பேட்டரிலயும் ஓடும். எங்களுத எடுத்துக்கினு போங்க" என்றாள். நான், "அப்ப ஃபேனுக்கு?" என்றேன். அவள், "பாட்டு முடிஞ்சிடப் போவுது, மொதல்ல தூக்குய்யா" என்றாள். அவளும் பாட்டுப் பைத்தியம்தான்.

அதன் பிறகு எங்கள் பேட்டரியில் டிவி ஓடியது. கோதண்டமே விசில் அடித்தார். ஆனால் பாட்டு முடிந்தும் விடாமல், பேட்டரியில் ஏறியிருந்த கொஞ்சநஞ்சத்தையும் உறிஞ்சிய பின்புதான் எழுந்தார்கள். அப்புறம்தான் கோதண்டத்துக்கு ஸ்டெபிலைசர் ஞாபகம் வந்து, புகார் கொடுத்தார். காவலர் வந்து சார்ஜரைக் கைப்பற்றினார்.

ஸ்டெபிலைசர் என்னால்தான் எரிந்தது. புதியது வாங்கி வைக்கிறேன். கொடியேற்றம் இன்று சாயங்காலம் என்று நான் கெஞ்சியதன் பேரில், ஆய்வாளர் அவர்கள் வழக்குப் பொருளான மேற்படி சார்ஜரைத் தம் மேசையருகே உள்ள பிளக்கில் மாட்டி, வாசலில் நிற்கும் என் வேன் பேட்டரிக்கு ஒயர் விடச் செய்து, "எழுதி முடிக்கிற வரைக்கும் ஏறட்டும்" என்றார். ஆகையால்தான் இவ்வளவு விவரமாகச் சொன்னேன். சிறிய சார்ஜராக இருந்திருந்தால் பைபிள் முழுவதையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது அத்தனையும் நிஜம், கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. வாசலில் லூர்து மேரி ஹாரன் அடிக்கிறாள்.

(ஒப்பம்) தா. யாகப்பன்