தளபதியின் ஓலை இன்னும் வரவில்லை

— நான் ஒண்ணும் கதை கட்டலே, ஹரி. என் பொண்ணு சாதனா உனக்கு அனுப்பினது. லேப்டாப்பை மூடாம ஆபீஸ் போயிட்டா, என் கண்ணுல பட்டுது. படிக்கட்டுமா? "நாளை விடியுமுன் கதவைத் திறப்பேன். அவரோடு போய்விடுவேன். யாரிடமும் சொல்லாதே."

— ஆன்ட்டி, மெல்ல. கடையில கஸ்டமர் நிக்காங்க.

— நிக்கட்டும். தாராவியில தோல் பை வாங்க வந்தவாளுக்கு மாட்டுங்கா சமாசாரமும் கொஞ்சம் தெரியட்டும். யாரு அந்த 'அவர்'? நீயா?

— மா கசம், எங்கம்மா மேல சத்தியம் ஆன்ட்டி, நான் இல்ல! அது விளையாட்டு!

— ஓடிப்போறது விளையாட்டா உனக்கு?

— அய்யோ, அதில்ல. ஆன்லைன்ல ஒரு ஆட்டம். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஒரு கோட்டை, அதச் சுத்தி முற்றுகை. ஆளுக்கொரு வேஷம். க்ரூப்ல அவங்கவங்க வேஷத்துல பேசிக்கிடுவாங்க. கதைய நடத்துறது நான்.

— அச்சா. க்ரூப்ல பேசறதுன்னா இது மட்டும் ஏன் உனக்குத் தனியா வந்தது?

— அதான் ரகசிய ஓலை. சனிக்கிழமை ஏழு மணிக்குள்ள, அன்னைக்கு ராத்திரி என்ன செய்யப் போறாங்கன்னு ஒவ்வொருத்தரும் எனக்கு மட்டும் எழுதணும். அனுப்புன ஓலைய மாத்த முடியாது. அனுப்பலேன்னா அந்த ஆளு ராத்திரி பூரா தூங்கிட்டாருன்னு அர்த்தம். எல்லா ஓலையும் கோத்து, கோட்டையில என்ன நடந்துச்சுன்னு ஞாயித்துக்கிழமை நான் எழுதுவேன்.

— நன்னா ஜோடிச்சிருக்கே. எந்தக் கதவு?

— என்னது?

— திறப்பேன்னு எழுதியிருக்காளே. எந்தக் கதவு? எங்காத்துக் கதவா?

— கோட்டைக் கதவு ஆன்ட்டி.

— கோட்டைன்னா நாலு வாசல் இருக்குமே.

— அதச் சொல்ல மாட்டேன். பிள்ளையார் கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிருக்கேன். யாரு என்ன வேஷம், யாரு என்ன ஓலை, உசுரு போனாலும் வெளிய வராது. மான்குர்த்ல ஒருத்தன் இப்படித்தான் ஆட்டம் நடத்துனான். ஒரே ஒரு ஓலைய வெளிய விட்டான், மொத்த க்ரூப்பும் எந்திரிச்சுப் போயிருச்சு. இப்ப தனியா உக்காந்து லூடோ ஆடுதான்.

— சரி, சொல்லாதே. நான் சாதனாவோட அப்பாவைக் கூப்பிடறேன். போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல ஸ்கூட்டரை நிறுத்திண்டு நிக்கறார். நான் சொன்னா உள்ளே போயிடுவார்.

— அரே, ஆன்ட்டி! போன உள்ள வைங்க! சுரங்க வாசல். போதுமா? கிணத்துக்குப் பின்னால ஒரு சுரங்க வாசல். உங்க மாட்டுங்கா ஃபிளாட்ல கிணறு இருக்கா, நீங்களே சொல்லுங்க.

— கிணத்துக்குப் பின்னாலே. அச்சா. அந்த 'அவர்'?

— சிறையில கிடக்க எதிரி நாட்டு இளவரசன்.

— இளவரசன் எந்த ஊர்ப் பையன்? என்ன படிச்சிருக்கான்?

— பையன் இல்ல ஆன்ட்டி, பிரேமலதாக்கா. செம்பூர்ல நர்ஸ். ரெண்டு பிள்ளைங்க.

— என் பொண்ணு ரெண்டு பிள்ளை பெத்தவளோட ஓடறாளா?

— ஆட்டத்துல! ஆட்டத்துல!

— சத்தம் போடாதே, கஸ்டமர் நிக்கறா. சரி, காவல் இருக்குமே? எப்படித் தப்பிப்பா? பொய்னா இந்த இடத்துல மாட்டிப்பே, பாரு.

— பொய் இல்ல. தளபதி முழிச்சிருந்தாதான காவல்? சமையக்காரன் தளபதிக்குப் பாயசத்துல மயக்க மருந்து கலக்குதான். அது மாரிக்கண்ணன், குர்லாவுல லேத் பட்டறை. வேணும்னா அவன் ஓலையையும் காட்டுதேன். நல்லாப் பாத்துக்கிடுங்க.

— சேமியாவா, பாலடையா?

— என்னது?

— பாயசம்.

— அது... அவன் எழுதல.

— பாலடைன்னா மருந்தோட கசப்பு நாக்குல தெரிஞ்சுடும். சும்மா கேட்டேன். அந்தத் தளபதி யாரு, பாவம்?

— அதான் எனக்கே தெரியாது. வேற பேர்ல வந்தாரு, நானும் கேட்டுக்கிடல. ரிட்டயர்டு மிலிட்டரின்னு நினைக்கேன். ஆனா ஆட்டத்துக்கே உசுரு அவருதான் ஆன்ட்டி. சண்டை நடுவுல சிப்பாய்ங்களுக்கு மோர் ஊத்தச் சொல்லுவாரு. அம்புகள எண்ணுறதுக்கு முன்னால எல்லாரும் சாப்டாச்சான்னு கேப்பாரு.

— மிலிட்டரியில டிசிப்ளின் அப்படித்தான்.

— உங்க சாதனா இருக்கால்லா, அவளுக்கு நீலின்னு வேஷம். ஒற்றன் வேலை. க்ரூப்ல வேற யார்ட்டயும் ரெண்டு வரிக்கு மேல பேச மாட்டா. தளபதின்னா பக்கம் பக்கமா எழுதுவா. பயம், கோவம், பிடிச்சது, பிடிக்காதது, எல்லாம். "வீட்டில் யாருக்கும் என்னைப் புரியவில்லை, தளபதிக்குப் புரிகிறது"ன்னு ஒரு நாள் எனக்குத் தனியா எழுதுனா.

— அப்படியா எழுதினா?

— ஆமா ஆன்ட்டி.

— நிஜமாவா?

— சத்தியமா.

— ஆத்துல என்கிட்ட அவ பேசறது என்ன தெரியுமோ? "ம்." "தெரியலே." "ரசம் போதும்." அவ்வளவுதான்.

— இந்தாங்க, தண்ணி குடிங்க ஆன்ட்டி.

— வேண்டாம். அப்படிப்பட்ட தளபதிக்கு மருந்தைக் கொடுக்க விட்டுட்டு அவ பாட்டுக்குக் கிளம்பறாளாக்கும்?

— ஓலையப் படிச்சுட்டு நானே அழுதேன். ஆனா நடத்துறவன் குறுக்க வரக் கூடாதுல்லா. ஓலைன்னா ஓலைதான்.

— தளபதி என்ன பண்ணப் போறார்?

— அவரு ஓலை ஒண்ணுதான் இன்னும் வரல. ஏழு அடிக்கப் போகுது. வரலேன்னா பாயசமே வேண்டாம், தூங்கிட்டாருன்னு எழுத வேண்டியதுதான். விடிஞ்சா கோட்டை போச்சு.

— அடப் பாவமே. சித்த இரு, எங்காத்துக்காரருக்கு ஒரு மெசேஜ் தட்டிடறேன்.

— போலீஸ் வேண்டாம்னு சொல்லப் போறீங்களா?

— கறிவேப்பிலை வாங்கிண்டு வரச் சொல்றேன்.

— தட்டுங்க, தட்டுங்க... கறிவேப்பிலைக்கா இவ்வளவு நேரம்?

— கொத்தமல்லியும் சேத்திருக்கேன். ஆச்சு.

— ஆன்ட்டி, இப்ப நம்புதீங்கள்லா? சாதனா போன வாங்கி வச்சுராதீங்க. இந்த ஆட்டம் போச்சுன்னா எனக்கு இந்தக் கடை, இந்த பை, இதே ஜிப்புதான் ஆன்ட்டி.

— நான் ஏன் வாங்கறேன்? நன்னா விளையாடட்டும், குழந்தை. ஒளிவுமறைவு இல்லாம பேசறதுக்கு ஒரு இடமாவது இருக்கட்டும்.

— தேங்க்ஸ் ஆன்ட்டி. பெரிய மனசு... ஏ யப்பா! வந்துருச்சு! தளபதி ஓலை! ஏழு அடிக்கல இன்னும்!

— படியேன்.

— சத்தியம் ஆன்ட்டி.

— அதுல இன்னும் பாக்கி என்னப்பா இருக்கு? படி.

— "கிணற்றுக்குப் பின்னாலுள்ள சுரங்க வாசலில் வில்லாளிகள் மறைந்து நிற்கட்டும். இளவரசனின் கால் விலங்கை இறுக்குங்கள். பாயசத்தில் முதல் டம்ளரைச் சமையல்காரனே குடிக்க வேண்டும். நீலியைப் பிடிக்கும்போது அவள்மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது. சாப்பிட்டாளா என்று கேளுங்கள். பிறகு என் அறைக்கு அழைத்து வாருங்கள். நாங்கள் நிறையப் பேச வேண்டியிருக்கிறது." ...ஆன்ட்டி.

— சொல்லுப்பா.

— கறிவேப்பிலை?

— போற வழியில நானே வாங்கிக்கறேன். ஓலைன்னா ஓலைதான், மாத்த முடியாது, நீயே சொன்னே. இன்னொண்ணு, ஹரி: தளபதி யாருன்னு நீலிகிட்ட மூச்சு விடாதே, சூடம் அணைச்சிருக்கே.