பெத்தவங்க கையெழுத்து

அங்க இல்லண்ணா, கீழ. பெற்றோர் கையெழுத்துன்னு போட்டிருக்கு பாருங்க, அந்தக் கோட்டுக்கு மேல. ஆனா இப்பவே போட்டுடாதீங்க. உள்ள கூப்பிட்டதும் ஆபீசர் முன்னாடி போட்டா போதும். எனக்கு எப்டித் தெரியும்னா, ரெண்டரை வருஷம் முன்னாடி நானும் இதே ஆர்டிஓ ஆபீஸ் பெஞ்சுல தான் உக்காந்துனு இருந்தேன். எம் பொண்ணுக்காக. கெசியான்னு பேரு. அப்போ அவளுக்குப் பதினாறு முடிஞ்சு பத்து நாள் கூட ஆவல.

இன்னைக்கா? இன்னைக்கு எனக்குத் தாண்ணா எல்எல்ஆர். சிரிக்காதீங்க, நாப்பத்தி நாலு வயசாவுது. எங்க தெரு காலி மனைல ஒரு மாசமா சுத்திப் பழகறேன். பசங்க எல்லாம் ஓரமா நின்னு வேடிக்கை பாக்குதுங்க. பரவால்லன்னு ஓட்டினு தான் இருக்கேன்.

உங்க பொண்ணு ஜெராக்ஸுக்கா போயிருக்கு? கண்ணாடி போட்டுனு இருந்துச்சே, அது தானே? நல்ல பொண்ணு. இன்னா வண்டி வெச்சிருக்கீங்க? நூத்தி இருபத்தஞ்சா? அப்போ ஒண்ணு சொல்லட்டுமா, கோச்சிக்கக் கூடாது. பதினாறு வயசுக்குக் குடுக்கற எல்எல்ஆர வெச்சுனு அந்த வண்டிய ஓட்டக் கூடாதுண்ணா. கியர் இல்லாத வண்டியா இருக்கணும், அதுவும் ஐம்பது சிசிக்குள்ள. மத்ததெல்லாம் பதினெட்டுக்கு மேல தான். ஐம்பது சிசி வண்டி எந்தக் கடைல விக்கறாங்கன்னு கேக்கறீங்களா? நானும் இதே கேள்விய தான் கேட்டேன். இங்க இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல.

ஆமாண்ணா. ஆக்சிடென்ட் தான்.

நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனில இருக்கேன். தையல் லைன்ல சூப்பர்வைசர். முப்பத்தாறு பொம்பளைங்க எனக்குக் கீழ. அஞ்சரைக்கு விட்டா, கம்பெனி பஸ்ஸு ஆறேகாலுக்குப் பள்ளிகொண்டா ஹைவேல இறக்கி உட்டுடும். எங்க வீடு அங்கருந்து மூணு கிலோமீட்டர் உள்ள. பகல் பூரா நின்ன காலு, ஷேர் ஆட்டோ வந்தா உண்டு, இல்லன்னா நடை தான். அதுக்கோசரம் தான் வண்டி வாங்கினது. வண்டி எம் பேர்ல. ஆனா எனக்கு ஓட்ட வராது. அவங்க அப்பா, எலியாஸு, பாகாயத்துல செக்யூரிட்டி. அவரு ஷிப்ட்டும் என் ஷிப்ட்டும் ஒரு நாளும் ஒத்து வராது. அவரு சொன்னாருண்ணா. பதினெட்டு ஆவட்டும் டோரதி, உனக்கு இன்னா அவசரம்னாரு. நான் கேக்கல. எங்க லைன்ல பாதிப் பேரு வீட்டுப் பொண்ணுங்க ஓட்டுதுங்க, இவளுக்கு இன்னா கொறச்சல்னுட்டேன்.

நல்லா தாண்ணா ஓட்டுவா. அம்மான்னு சொல்லல, நெஜமாவே. முன்னாடியும் பின்னாடியும் செகப்புல எல் போர்டு ஒட்டி, ஹெல்மெட் பக்கிள் போட்டுட்டு தான் சாவியே போடுவா. கூட ஒருத்தர் லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க பின்னாடி உக்காரணும்னு கூட எல்எல்ஆர்ல இருக்கு. அதெல்லாம் யாருண்ணா பாக்கறோம்? பின்னாடி நான் தான் உக்காருவேன், டிபன் பைய மடில வெச்சுனு.

நாலு மாசம் ஓடிச்சு. அஞ்சாவது மாசம், ஒரு செவ்வாக்கிழமை, என்னைக் கூப்புட வந்துனு இருந்தா. பஜார் திருப்பத்துல அப்துல் சமத்னு ஒரு பெரியவரு. அறுபத்தி ஏழு வயசு. முன்ன தோல் கம்பெனில இருந்தவரு. சாயங்கால மக்ரிப் தொழுகை முடிச்சுட்டு, கைல பால் பாக்கெட்டோட ரோடு தாண்டறாரு. இவ போய் இடிச்சுட்டா.

உயிருக்கு ஒண்ணும் ஆவல, கர்த்தர் காப்பாத்தினாரு. ஆனா இடுப்பெலும்பு போச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. இப்போ வாக்கர் வெச்சுனு தான் நடக்கறாரு. வீட்டுக்குள்ள மட்டும். மசூதிக்குப் போறதில்ல, நாற்காலி போட்டு வீட்லயே தொழுதுக்கறாரு.

கேளுங்க. ஸ்டேஷனுக்கு எலியாஸு ஓடியாந்தாரு. அவருக்கு லைசென்ஸ் இருக்குல்ல? என்னைத் தனியா கூப்ட்டு, நான் தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன் டோரதி, பொண்ணு வாழ்க்கை போயிடும்னாரு. நானும் சரின்னு தலையாட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை ஆனா சர்ச்சுல மொத பெஞ்சுல உக்காரறவ, அன்னைக்கு ஒரு செகண்டு கூட யோசிக்கல. இந்தப் பொண்ணு இன்னா பண்ணா தெரியுமா? பெஞ்சுலருந்து எழுந்து நேரா எஸ்ஐ மேசைக்குப் போய், சார், நான் தான் ஓட்டினேன், எங்கப்பா அங்க இல்லவே இல்லன்னுட்டா. யூனிபார்ம் முழுக்க சேறு. முட்டில ரத்தம் வழியுது, அதக் கூடத் தொடைக்கல.

நான் எல்எல்ஆர எடுத்து நீட்டினேன். எஸ்ஐ அம்மா அதப் படிச்சுட்டு, இது ஐம்பது சிசிக்கு மா, உங்க வண்டி நூத்திப் பத்து, இது இருந்தும் ஒண்ணு தான் இல்லாததும் ஒண்ணு தான்னாங்க. சின்ன புள்ள கைல வண்டியக் குடுத்தா, குடுத்தவங்க மேல தான் கேஸு. பெத்தவங்க, இல்ல வண்டி யாரு பேர்ல இருக்கோ அவங்க. நான் ரெண்டும். மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு போடலாமாம். எனக்கு ஃபைனோட, கோர்ட் கலையற வரைக்கும் உள்ளயே நிக்கணும்னு உட்டாங்க. நின்னேன். வண்டி ரெஜிஸ்ட்ரேஷன ஒரு வருஷம் கேன்சல் பண்ணாங்க. அதெல்லாம் போவட்டும். அவளுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. இப்போ நர்சிங் படிக்கறா. கூடப் படிக்கறதுங்க எல்லாம் இந்த வருஷம் லைசென்ஸ் எடுக்குதுங்க.

அவ கேக்கவும் மாட்டாண்ணா. அன்னைலருந்து வண்டி மேலயே ஏர்றதில்ல. அவங்கப்பா ஓட்டினா கூட. விடிய காத்தால மூணு கிலோமீட்டர் நடந்து போய் பஸ்ஸு புடிக்கறா. மழைன்னா குடை. அதனால தான் நானாவது கத்துக்கலாம்னு. உக்காருவாளா மாட்டாளான்னு தெரியல. கத்துக்கினு வெப்போம்.

சமத் பாய் வீட்டுக்கா? போவேனே. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு நேரா அங்க தான். அவரு தங்கமான மனுசன். போலீஸ்ல எழுதிக் குடுத்ததே, நான் தான் கவனிக்காம குறுக்க வந்துட்டேன், கொழந்த மேல தப்பில்லன்னு தான். கெசியா போனா, வா பேட்டின்னு சொந்த மகளாட்டம் கூப்ட்டு, பரீட்சை எப்டி எழுதினன்னு கேப்பாரு. அவரு சம்சாரம் அஃப்ஸர் ஜஹான் அக்கா தான் மனசு ஆறாம இருக்காங்க. திட்டறதெல்லாம் இல்ல. டீ போட்டுக் குடுப்பாங்க. குடுத்துட்டு எதிர்ல உக்காந்து ஒரே கேள்விய தான் கேப்பாங்க. வாரா வாரம். ஏன் டோரதி, அவரு வெள்ளை ஜிப்பா போட்டுனு இருந்தாரே, தெரு லைட்டு கூட எரிஞ்சுனு இருந்துச்சே, உம் பொண்ணுக்கு எப்டி தெரியாம போச்சுன்னு.

இவ இன்னா சொன்னாளா? நாய் குறுக்க வந்துச்சு, அதப் பாத்துனு இருந்தேன்னா. போலீஸ்லயும் அதான், சின்னப் பசங்க கேஸ விசாரிக்கற போர்டுலயும் அதான். மாத்தவே இல்ல.

இல்லண்ணா. நாய் இல்ல.

அன்னைக்கு கம்பெனி பஸ்ஸு பத்து நிமிஷம் முன்னாடியே வந்துருச்சு. தூறல் வேற. எங்கிட்ட குடை இல்ல. லைன்ல அன்னைக்கு ஒரே பேஜாரு, தைச்சதுல பாதி திரும்பி வந்து, மேனேஜர் கிட்ட பேச்சு வாங்கினு வந்திருந்தேன். அந்தக் கோவம். அவளுக்கு போன் அடிச்சேன். எடுக்கல. திரும்ப அடிச்சேன். எடுக்கல. வண்டில வந்துனு இருப்பான்னு எனக்குத் தெரியுண்ணா. தெரிஞ்சே தான் மூணாவது தடவ அடிச்சேன். எடுத்தா. எங்கடி தொலைஞ்சன்னு கத்தினேன். வந்துட்டேம்மா, பஜார்கிட்டன்னா. அதுக்கு மேல அவ பேசல. அப்புறம் வந்த சத்தமெல்லாம் போன்ல நான் கேட்டுனு தான் நின்னேன். அவரு யா அல்லான்னது வரைக்கும்.

ஸ்டேஷன்ல இருந்தப்ப அவளோட போனை நான் தான் வாங்கி வெச்சிருந்தேன். தொறந்து பாத்தேன். நான் போன் அடிச்சது மூணும் அதுல இல்ல. அழிச்சுட்டிருந்தா. பொய்யே சொல்லாத பொண்ணுண்ணா அது.

வீட்டுக்காரரு கிட்டயா? எலியாஸுக்குத் தெரியாது. அவளும் நானும் கூட அதப் பேசினதில்ல. அவ சொல்லல, நான் கேக்கல. ரெண்டு வருஷமா ஒரே வீட்ல சாப்ட்டு, ஒரே ரூம்ல படுக்கறோம்.

இருங்க, உங்க நம்பரக் கூப்பிடறாங்க. பொண்ணும் வந்துடுச்சு பாருங்க. கையெழுத்து போடறதும் போடாததும் உங்க இஷ்டம்ணா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானா? சொல்லணும். அஃப்ஸர் ஜஹான் அக்காகிட்ட சொல்லிடணும்னு தான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போறேன். அவங்க கேக்கறாங்க. நான் டீயக் குடிச்சுட்டு எழுந்து வந்துடறேன்.