பஜ்ஜிக் காகிதத்தில் வந்த நாற்பது பெயர்கள்

பெயர்: ஜோதிலட்சுமி. வயது: 26. தந்தை பெயர்: காலஞ்சென்ற துரைராஜ். தொழில்: தியாகராய நகரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் டீச்சர். இருப்பிடம்: பட்டினப்பாக்கம் கடலோரக் குப்பம், மூன்றாவது வரிசை, வாடகைக் குடிசை. நாள்: 20-10-1999, மாலை ஐந்து மணி. சப்-இன்ஸ்பெக்டர் செம்பியன் முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல ரைட்டர் உமர் ஃபாரூக் எழுதியது.

நான் மேற்படி முகவரியில் என் தாயார் பேச்சியம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். அம்மா இட்லிக் கடை போடுகிறார். போன வருஷம் மழையில் கடல் தண்ணீர் வீட்டுக்குள் வந்து இட்லிக் குண்டானை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் குடியிருப்போர் சங்கம் வேளச்சேரியில் நாற்பது வீடு கட்டியது. கேட்டவர்கள் 312 பேர். கம்ப்யூட்டரில் குலுக்கல் போட்டால் அடிதடி இருக்காது என்று சங்கத்தில் முடிவு செய்து, நம்ம குப்பத்துப் பெண்ணாச்சே என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அந்த 312 பேரில் என் தாயாரும் ஒருவர். இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

14-ஆம் தேதி வியாழக்கிழமை எங்கள் நிலையத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். எல்லாப் பெயரையும் பிளாப்பியில் ஏற்றி, தலைப்பில் 'சோதனை, 14-10-99' என்று நானே அடித்து, பிரிண்ட் எடுத்தேன். பிரிண்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்றுதான் பார்த்தேனே தவிர பெயர்களைப் படிக்கவில்லை. தாளைக் குப்பைக்கூடையில் போட்டேன். எங்கள் நிலையத்துக் குப்பைத் தாள் பழைய பேப்பர் கடைக்குப் போகும் என்பது தெரியும். அங்கிருந்து எங்கே போகும் என்று நான் யோசித்ததில்லை.

அதன் பிறகு 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதே கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சாந்தோம் மண்டபத்துக்குப் போய், எல்லோர் கண் முன்னாலும் குலுக்கல் ஓட்டினேன். ஏழாவதாக என் தாயார் பெயர் வந்தது. அம்மா அங்கேயே அழுதுவிட்டார். மறுநாள் காலையிலேயே போய்ப் புது வீட்டுக்கு என்று மூன்று சாவி போட்ட ஒரு பூட்டு வாங்கி வந்தார்.

அன்று சாயங்காலம், மீன் விற்கும் தேவானை அக்கா கடற்கரையில் பஜ்ஜி வாங்கித் தின்றிருக்கிறார். இவரும் வீடு கேட்டு, குலுக்கலில் பெயர் விழாதவர். தின்றுவிட்டுக் கை துடைக்கப் போன காகிதத்தில் எங்கள் குப்பத்துப் பெயராக வரிசையாக இருக்கவும், சங்கத்து போர்டில் ஒட்டியிருந்த பட்டியலைக் கிழித்து எடுத்து ஒத்துப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு நேரே எங்கள் வாசலுக்கு வந்து, "இன்னாடி ஜோதி, வியாயக்கெயமயே எல்லாத்தையும் முட்ச்சிட்டு ஞாயித்துக்கெயம எங்களுக்குப் படம் காட்னியா?" என்று சத்தம் போட்டார். மூன்று வரிசையும் கூடிவிட்டது. எல்லோரும் போன பிறகு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ பண்ணியா?" இல்லை என்றேன். அம்மா பூட்டை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். ஊர் கேட்டது எனக்குப் பெரிதில்லை ஐயா. பெற்றவள் கேட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

19-ஆம் தேதி தேவானை அக்கா கொடுத்த புகாரின் பேரில் என்னை இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து, அந்த எண்ணெய்க் காகிதத்தைக் காட்டினார்கள். ஒன்றிரண்டு பெயர் ஒத்துப்போனால் பரவாயில்லை. நாற்பதும் அதே பெயர், அதே வரிசை! அழ வேண்டிய இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போச்சு. "ஐயையோ, இதுவா விஷயம்!" என்று கத்திவிட்டேன். நான் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று நினைத்து எஸ்.ஐ. ஐயா பேனாவைத் திறந்தார்.

விஷயம் இதுதான். எங்கள் முதலாளி நிரஞ்சன் சார் இந்த வருஷம் ஒரு புது சாஃப்ட்வேர் போட்டார். ஒரே கம்ப்யூட்டருக்குள் நாலு பொய்க் கம்ப்யூட்டர்களை அது ஓட்டும். படிக்க வருகிறவர்கள் தினமும் எதையாவது கலைத்துவிடுகிறார்கள் என்று, அணைத்துப் போட்டால் நடுவில் நடந்தது எல்லாம் அழிந்து பழையபடியே எழுந்திருக்கும்படி அவற்றைப் பூட்டி வைத்திருந்தார். குலுக்கலை நான் ஓட்டியது அந்தப் பொய்க் கம்ப்யூட்டர் ஒன்றில்தான். கம்ப்யூட்டருக்கு நிஜமாகக் குலுக்கத் தெரியாது. ஏதோ ஒரு எண்ணில் தொடங்கி, கணக்குப் போட்டுப் போட்டு அடுத்த எண்ணை எடுக்கும். தொடக்க எண் அதே என்றால் கடைசி வரைக்கும் அதேதான். அப்படி ஆகாமல் இருக்க, கம்ப்யூட்டர் அணையும்போது அடுத்த தடவைக்கு என்று ஒரு புது எண்ணை எழுதி வைத்துவிட்டு அணையும். எங்களுடையதும் எழுதித்தான் வைத்தது. சாருடைய பூட்டு அதையும் சேர்த்து அழித்துவிட்டது. ஆகவே வியாழனும் அதே எண், ஞாயிறும் அதே எண்.

எஸ்.ஐ. ஐயா, "கதை நல்லாத்தான் இருக்கு. கண்ணால காட்டு," என்றார்.

அதன் பேரில் இன்று 20-ஆம் தேதி காலை பத்து மணிக்கு எஸ்.ஐ. ஐயாவும் ரைட்டரும் நிலையத்துக்கு வந்தார்கள். தேவானை அக்கா குப்பத்திலிருந்து பதினாறு பேரைக் கூட்டிக்கொண்டு 12பி பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் ஓட்டினேன். ரைட்டர் பெயர்களைப் படிக்க, தேவானை அக்கா பஜ்ஜிக் காகிதத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். அதே நாற்பது. அணைத்துப் போட்டு மறுபடி ஓட்டினேன். அதே நாற்பது. மூன்றாவது தடவை ரைட்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஜனங்கள் மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாவதுக்கு வந்ததும் அறை முழுக்க, "பேச்சியம்மா!" என்று ஒரே கூச்சல். நிரஞ்சன் சார் நெற்றியில் அடித்துக்கொண்டு, "தப்பு என்னோடதுதான். எல்லாத்தையும் கலைச்சுண்டே இருக்காளேன்னு பூட்டினேன், இதை யோசிக்கவே இல்லை," என்றார்.

அதன் பிறகு எஸ்.ஐ. ஐயா, "யாரும் ஏமாத்தல. பழைய லிஸ்ட்டே இருக்கட்டும், எல்லாரும் கிளம்புங்க," என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வேளச்சேரி வீடு அம்மாவுக்கு நின்றிருக்கும். ஆனால் மூன்று நாள் முன்னாடியே பிரிண்ட் ஆகி, கடற்கரையில் பஜ்ஜி மடித்த பட்டியலைக் குலுக்கல் என்று எப்படிச் சொல்வது? "செல்லாது சார், மறுபடி போடணும்," என்றேன். அதைச் சொன்னது நான்தான், வேறு யாரும் சொல்லச் சொல்லவில்லை.

இந்தத் தடவை தொடக்க எண்ணை வெளியிலிருந்து நாமே கொடுக்க வேண்டும், அது யாருக்கும் முன்னால் தெரிந்திருக்கக் கூடாது என்றேன். எஸ்.ஐ. ஐயா எல்லோருடைய பஸ் டிக்கெட் நம்பரையும் எடுக்கச் சொன்னார். அதற்கு தேவானை அக்கா, "அல்லாரும் ஒரே கண்டக்டர் கைல வாங்னது சார், வரிசையா கீது," என்று சொல்லி, சுருக்குப்பையிலிருந்து பித்தளைத் தாயக்கட்டையை எடுத்தார். மீன் விற்காத நேரத்தில் ஆடுவதற்கு வைத்திருப்பதாம். அடடா, எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது! தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, பதினேழு பேரும் ஒருவர் பின் ஒருவராக உருட்டினார்கள். "தாயம்! தாயம்!" என்று கத்தல் தாங்காமல் பக்கத்துத் துணிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் எஸ்.ஐ. ஐயாவும் ஒரு தடவை உருட்டினார். அதை எழுத வேண்டாம் என்றார். எழுதச் சொன்னது நான். விழுந்ததை எல்லாம் ஒரே நீள எண்ணாகச் சேர்த்து, பொய்க் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே அதற்குக் கொடுத்து ஓட்டினேன்.

ரைட்டர் படித்தார். ஏழாவது பெயர் சகினா. அதன் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் துள்ளினார். நாற்பதும் முடிந்தது. என் தாயார் பெயர் வரவில்லை. தேவானை அக்கா பெயரும் வரவில்லை. அவர் கட்டையைப் பொறுக்கிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். "நான் உருட்ன கட்ட எனக்கே வுயல. இதுல இன்னா ஃபிராடு கீது? புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்," என்றார்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று எஸ்.ஐ. ஐயா கேட்கிறார். கூட வந்த பதினாறு பேரும் சாட்சிக்கு என்று ஸ்டேஷன் வாசலிலேயே நிற்பதால் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. குப்பத்தில் வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் நான் போய்ச் சொல்ல வேண்டும். நான் பண்ணவில்லை என்பதை முதலில், வீடு போனதை அப்புறம். தேவானை அக்கா வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். "நானும் வர்றேன். நீ சொன்னா உங்கம்மா நம்பாது, நான் சொன்னாத்தான் நம்பும்," என்கிறார். ஆகையால் என்னைச் சீக்கிரம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை ரைட்டர் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) து. ஜோதிலட்சுமி