அப்பொலோனியா என்று கூப்பிட்டால்

– அப்பொலோனியாவோ? அது பல்லு மருந்துக் கடைக்கு வைக்கிற பேர், றஷ்மி. பச்சைக் குழந்தைக்கில்ல.

– மாமா, உங்கட பேர் சவுந்தரநாயகம். உங்கட முகத்தைப் பாத்துட்டு ஆராவது ஏதும் சொன்னவங்களா?

– நக்கல்... நடக்கட்டும். அந்தப் பேருக்கு என்ன அர்த்தமாம்?

– அப்பொலோ எண்டா பழைய கிரேக்கச் சாமி. அந்தச் சாமிக்கு உரியவள் எண்டு அர்த்தம். இன்ரநெற்றில பாத்தனான்.

– நல்லது. வேதக்காரப் பிள்ளைக்கு வேற சாமியின்ர பேர். பாதர் கொட்டாஞ்சேனை முழுக்கக் கேக்க மணி அடிப்பார்.

– அவ புனிதை, மாமா. வேதத்தை விடமாட்டன் எண்டதுக்குப் பல்லெல்லாம் உடைச்சுப் போட்டாங்கள். படத்தில கையில குறடு, குறட்டில ஒரு பல்லு...

– என்ர பேத்திக்கு இன்னும் ஒரு பல்லும் முளைக்கேல்ல. அதுக்குள்ள பிடுங்க ஆள் வைச்சாச்சு.

– பன்னிரண்டு மணிக்குப் பங்குக் கோயில் கந்தோர் பூட்டிடும். ஞாயிறு ஞானஸ்நானம். ஜொனாதன் படிவத்தோட கீழ ஓட்டோவில நிக்கிறார். பேர் மட்டும்தான் எழுத வேணும். அப்பா ஓமெண்டாத் தானும் ஓமாம்.

– என்ர மகனுக்கு இப்பதான் கீழ்ப்படிவு வந்திருக்கு... பிள்ளை, உன்ர மாமிக்கு அந்தப் பேர் எப்பிடி வந்ததெண்டு தெரியுமோ?

– பிறந்த நாளுக்குரிய புனிதையின்ர பேர் எண்டு மாமி சொன்னவ.

– கௌரவத்துக்குச் சொல்லியிருக்கிறா. வைக்க இருந்த பேர் மேரி. ஞானஸ்நானத்துக்குப் போற வழியில அவவின்ர அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லு குத்தத் தொடங்கிற்று. வலி நிண்டா உன்ர பேரைப் பிள்ளைக்கு வைக்கிறன் எண்டு அந்தப் புனிதைக்கு நேர்த்தி. கோயில் வாசல்ல வலி நிண்டுட்டுது.

– அது புனிதை செய்த புதுமைதானே.

– அடுத்த கிழமை திரும்பக் குத்தி, டொக்டரிட்டப் போய்ப் பிடுங்கினவர். பல்லுப் போச்சு, பேர் போகேல்ல.

– எல்லாரும் லோனா அக்கா எண்டு சுருக்கிக் கூப்பிட, நீங்க மட்டும் முப்பத்தெட்டு வருஷம் முழுசாக் கூப்பிட்டனீங்க.

– முழுசாச் சொன்னாத்தான் அவவுக்குக் கோவம் வரும். அதுக்குத்தான்... அதை விடு. மேரி எண்டு எழுது. மேனுகா எண்டு எழுது. றோட்டில கூப்பிட்டாப் பத்துப் பேர் திரும்பிப் பாக்கிற பேரா எழுது.

– ஏன், மாமா?

– நேரம் போகுது, பிள்ளை. எழுதிக் குடு.

– கீழ ஹோர்ன் அடிக்கிறார்.

– அவ செத்து ரெண்டு வருஷம். அந்தப் பேருக்குப் பதில் வாறதில்லை. எனக்கும் பழகிற்று. நாளைக்கு நான் வாய் தவறிக் கூப்பிட, ஒரு சின்னது ஓடி வந்து ‘என்ன’ எண்டு கேட்டா... நான் என்ன செய்யிறது?

– வாய் தவறியோ? காலமை ஆறு மணிக்கு ரெண்டு கோப்பையில தேத்தண்ணி ஊத்தி வைச்சு, ‘அப்பொலோனியா, ஆறப்போகுது’ எண்டு கூப்பிட்டிட்டுப் பூசைக்குப் போறீங்க. குசினிக்கும் எங்கட அறைக்கும் நடுவில வெறும் பலகைதான், மாமா. நீங்க திரும்பி வந்து பாத்தா மற்றக் கோப்பை வெறுமையா, கழுவியிருக்கும். ஆர் குடிச்சதெண்டு நீங்களும் ஒருநாளும் கேக்கேல்ல. ரெண்டு வருஷமா நான்தான் குடிக்கிறன். எனக்குத் தேத்தண்ணியே பிடிக்காது. இனி அந்தப் பேருக்குரிய ஆள் வளந்து வந்து குடிக்கட்டும்.